எச்.ஐ.வி. ரிசல்ட் வந்துவிட்டது: மருந்தை எங்கே, எப்போது தொடங்குவது?

டெல்டாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவருகிற ஆட்களில் பலர் அதைத் தேடிப்போய்த் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. வளைகுடா வேலைக்காகத் திருச்சியில் மெடிக்கல் போனவருக்கு 'அன்ஃபிட்' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கர்ப்பிணிக்கு முதல் செக்கப்பில் எடுத்த ரத்தத்தில் தெரிந்திருக்கும். இருமல் நிற்கவில்லையே என்று போனவருக்குச் சளியில் காசநோய் தெரிந்து, காசநோயாளிகள் எல்லாருக்கும் எடுக்கிற பரிசோதனையில் இதுவும் சேர்ந்து தெரிந்திருக்கும். எதிர்பாராத செய்தி. அதனால் அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று ஒன்றும் ஓடாது. அந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள்.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு ஆஸ்பத்திரித் துணையாகப் போய்வருகிறவன் நான். என்னிடம் வந்து கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஐந்துதான்: பக்கத்தில் உள்ள அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரும் இடம்) போவதா, ஆள் தெரியாத தூரத்து ஊர் மையத்துக்குப் போவதா, தனியார் டாக்டரிடம் காட்டுவதா, நாட்டு மருந்து எடுப்பதா, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாள் பொறுப்பதா.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனால் ஒரு வாரத்துக்குள் உங்கள் கைக்கு முதல் மாத்திரை வருமோ அந்த வழியில் தொடங்குங்கள். இடம் ஒத்துவரவில்லை என்றால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு முறையான ஏற்பாடு இருக்கிறது. மருந்து இல்லாமல் போன மாதங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

தனியார் லேபில் ஒரே ஒரு பரிசோதனை செய்து 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் உங்கள் ரத்தத்தை வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மூன்று கிட்டுகளில் பார்ப்பார்கள். மூன்றிலும் வந்தால்தான் உறுதி. காசு கிடையாது. எந்த ஊரில் மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

வளைகுடா மெடிக்கலில் தேறாதவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். அன்ஃபிட் ஆவதற்கு ஹெபடைடிஸ் கிருமி, எக்ஸ்ரேயில் தெரியும் பழைய நெஞ்சுத் தழும்பு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் கேட்காமல் ஊருக்கு வந்து, 'ஏஜென்ட் சரியில்லை' என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு ஏஜென்ட் மூலமாக மறுபடி மெடிக்கலுக்குப் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதமும் கிருமி சும்மா இருக்காது.

பொறுப்பதா, உடனே தொடங்குவதா

"கவுண்ட் இறங்கினால்தானேண்ணே மருந்து குடுப்பாங்க?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, ஒரு காலத்தில் அதுதான் விதி. 2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, சி.டி.4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் கணக்கு, 'கவுண்ட்' என்பது இதுதான்) 200க்குக் கீழே போனவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும்தான் முன்னுரிமை. மருந்து குறைவு, பக்கவிளைவு அதிகம் என்ற காலம் அது. பிறகு அந்த எல்லை 350 ஆனது, 500 ஆனது. 2017இல் எல்லையையே எடுத்துவிட்டார்கள். கிருமி உறுதியானால் கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு.

ஏன் எடுத்தார்கள் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து நடந்த 'ஸ்டார்ட்' என்ற ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. எல்லாருமே கவுண்ட் 500க்கு மேல் இருந்தவர்கள், அதாவது பார்த்தால் நோயாளி என்றே தெரியாதவர்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேரை கவுண்ட் 350க்கு இறங்கும்வரை காத்திருக்க வைத்தார்கள். உடனே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வருவது 57 சதவீதம் குறைந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குவதில்தான் லாபம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்தும் மாறிவிட்டது. ஊரில் பெரியவர்கள் சிலர் பயப்படுவது பழைய மருந்தை நினைத்து. ஸ்டாவுடின் எடுத்தவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போகும், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சிடோவுடினில் சிலருக்கு ரத்தம் குறையும். எஃபாவிரென்ஸ் எடுத்தால் ராத்திரி முழுக்க விபரீதக் கனவு. இப்போது பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. நாளைக்கு ஒன்று போதும். முதல் சில வாரம் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கம் பிடிக்காமை வரலாம். தூக்கம் கெட்டால் டாக்டரிடம் சொல்லிக் காலையில் போடும்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஜெலூசில் மாதிரி அசிடிட்டி மருந்தோடு எப்போது சேர்த்துப் போட்டாலும், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டாலும் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வேறு என்ன மாத்திரை எடுத்தாலும் மையத்தில் சொல்லி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் ஆட்களைத் தாமதிக்க வைப்பது கவுண்ட் கணக்கைவிட வேலைக் கணக்குதான். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் நடவாளுக்கு ஒரு நாள்கூட விட மனசு வராது. மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "நடவு முடியட்டும்ண்ணே, அப்புறம் வர்றேன். இப்ப விட்டா கோஷ்டில வேற ஆளப் போட்டுருவாங்க." அவர் சொன்னது உண்மைதான், நடவுக் கோஷ்டியில் இடம் போனால் அந்தப் பட்டமே போச்சு. ஆனால் நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் சம்பா, அப்புறம் பொங்கல் அறுப்பு. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: காய்ச்சல் வந்து படுத்தால் எத்தனை நாள் வேலை போகும்? காசநோய் வந்தால் எத்தனை மாதம்? கடைசியில் கோஷ்டித் தலைவியிடம் 'கண்ணாஸ்பத்திரிக்கு' என்று சொல்லிவிட்டு ஒரு வியாழக்கிழமை வந்தார். ஒரு நாள் கூலி போனது, அவ்வளவுதான்.

தாமதித்தால் அதன் பாதிப்பு வீட்டில் உள்ளவருக்கும் உண்டு. 1,763 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வொன்றில், சீக்கிரமே மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011இல் அறிவித்தார்கள். மருந்து ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. இது இன்றைக்கு மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த நிலைக்கு வரச் சில மாதம் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அந்த நாள் வரும்.

அன்றைக்கேவா, நாலு நாள் கழித்தா

முன்பெல்லாம் மருந்து கொடுப்பதற்கு முன் பல முறை வரவழைத்து, ஆலோசனை சொல்லி, ஆள் 'தயார்' ஆன பிறகுதான் கொடுப்பார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒவ்வொரு முறை வரச் சொல்லும்போதும் சிலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஆய்வில், முதல் வருகையிலேயே எல்லாவற்றையும் முடித்து மருந்து கொடுக்கும் முறையில் வந்தவர்களில் 97 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கியிருந்தார்கள். வழக்கமான முறையில் 72 சதவீதம்தான். லெசோத்தோ என்ற மலைநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து, அங்கேயே மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் 68.6 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் கிளினிக்கோடு இணைந்துவிட்டார்கள். 'கிளினிக்குக்கு வாருங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தவர்களில் இணைந்தது 43.1 சதவீதம்.

இந்த மாதிரி ஆதாரங்களைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஏழு நாளுக்குள் தொடங்க வேண்டும், ஆள் தயார் என்றால் அன்றைக்கே கொடுக்கலாம் என்று சொன்னது. நம் நாட்டு வழிகாட்டுதலும் இப்போது அந்தப் பக்கம்தான். ஆகவே 'அடுத்த மாதம் வாங்க' என்று யாராவது சொன்னால், ஏன் அடுத்த மாதம் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அதற்குச் சரியான காரணமும் இருக்கலாம். விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது என்று வருகிறவருக்கு மூளைக் காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையாலோ காசநோயாலோ வந்த மூளைக் காய்ச்சல் என்றால் அதற்கான மருந்தை முதலில் கொடுத்துச் சில வாரம் கழித்துத்தான் எச்.ஐ.வி. மருந்து. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சுக் காசநோய் என்றால் அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் இதையும் தொடங்கிவிடுவார்கள். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து எடுக்கிறவர்களுக்கு டொலுடெக்ராவிர் இரண்டு வேளை தேவைப்படும், ஆகவே இரண்டு சிகிச்சையும் ஒன்றுக்கொன்று தெரிந்து நடக்க வேண்டும். காசநோயை ஓரிடத்தில் காட்டிவிட்டு எச்.ஐ.வி.யை வேறிடத்தில் மறைத்துப் பார்ப்பது இங்கேதான் ஆபத்தில் முடிகிறது.

செய்தி கேட்டு நடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் அன்றைக்கே மாத்திரையைத் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு மூன்று நாள் தேவைப்பட்டால் மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் எழுந்து போகும் முன் தேதி குறித்துக்கொள்ள வேண்டும், கூப்பிட ஒரு போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். 'மனசு சரியானதும் வர்றேன்' என்று போனவர்களில் பலரை அப்புறம் நான் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

கர்ப்பிணியாக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. சிகிச்சை எதுவுமில்லாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு. ஒழுங்காக மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அன்றைக்கே தொடங்குவதுதான் வழி.

அரசு மையம்: பக்கமா, தூரமா

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பக்கத்து மையத்துக்குப் போகத் தயங்குகிறவர்களின் பயம் வீண் பயம் இல்லை. அங்கே வேலை பார்க்கிற யாரோ நம் தெருக்காரராக இருப்பார். லேப் வாசலில் சித்தப்பா மகளின் நாத்தனார் நிற்பார். ஒருவர் பார்த்தால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும். சட்டம் இருக்கிறது: 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. வெளியே சொன்னால் புகார் செய்ய வழியும் உண்டு. ஆனால் சொன்ன சொல்லைச் சட்டத்தால் திரும்ப அள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் தூரத்து ஊரைத் தேடுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை.

இலவச மருந்து தொடங்கிய காலத்தில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த இடம். டெல்டாவிலிருந்தும் ராத்திரி ரயிலேறிப் போவார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மையங்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சிலருக்கு விடவில்லை. ஊரைவிட்டு எவ்வளவு தூரமோ அவ்வளவு பத்திரம் என்று நினைக்கிறார்கள்.

தூரத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். மருந்து தொடங்கினால் இரண்டு வாரத்தில் ஒரு முறை வரச் சொல்வார்கள், பிறகு மாதாமாதம். ஆறாவது மாதம் வைரல் லோடு பார்ப்பார்கள். ஆக முதல் ஆறு மாதத்தில் ஏழெட்டு முறை போக வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று பஸ் மாறிப் போய், பதிவுச் சீட்டு, ஆலோசகர், டாக்டர், ரத்தம், மருந்து என்று வரிசை முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். பெண்களுக்கு விடியல் பயணம் டவுன் பஸ்ஸில்தான், ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு, அத்தோடு வீட்டில் சொல்ல ஒரு பொய். சென்னை என்றால் இதெல்லாம் இரண்டு மூன்று மடங்கு. முதல் இரண்டு மாதம் வைராக்கியமாகப் போவார்கள். மூன்றாம் மாதம் கையில் காசு இருக்காது, இல்லை மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். மாத்திரை நின்றுவிடும்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் ரோடு முழுக்க மரம் விழுந்து நாள்கணக்கில் பஸ் இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. மருந்து எடுக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் டப்பா காலியாகும் நாள்வரை காத்திருக்காமல் நாலைந்து நாள் முன்னதாகவே போய் வாங்கிவிட வேண்டும். தூரத்து மையம் என்றால் இன்னும் முன்னாடி.

ரகசியத்தைப் பொறுத்தவரை நான் கவனித்தது வேறு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜிலோ திருச்சி அரசு ஆஸ்பத்திரியிலோ காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் சுற்றுப்பட்டு மாவட்டக் கூட்டம் முழுக்க அங்கேதான். சுகர், பிரஷர், எலும்பு முறிவு என்று யாரும் எதற்கும் வந்திருக்கலாம். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறவருக்கு 'தைராய்டு' என்றால் முடிந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில்தான் எல்லா முகமும் தெரிந்த முகம். அதனால் ரகசியம் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது: சொந்த ஊரை விடுங்கள், சொந்த வட்டாரத்தை விட வேண்டாம். போன காரியத்தை முடித்து அன்றைக்கே வீடு வந்து சேர முடிகிற, பெரிய கூட்டம் உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். மன்னார்குடிக்காரர் தஞ்சாவூரும் போகலாம், திருவாரூரும் போகலாம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவருக்கு ரயில் இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. உடம்பு தேறி, வைரல் லோடு கட்டுக்குள் வந்தவர்களுக்கு ஒரே தடவையில் மூன்று மாத மருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இணைப்பு மையத்தில் மருந்து வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம். ஆகவே தூரம் என்ற பாரம் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். அந்த முதல் வருடத்தைத் தாங்கக்கூடிய இடமா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மருந்து டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து டப்பா லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த அக்காவை ஒருமுறை பார்த்தேன். பையில் போட்டு நடந்தால் மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போடும், அதற்காகப் பஞ்சை உள்ளே அடைத்து வைத்திருந்தார். லேபிளை எடுங்கள், பஞ்சையும் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் உள்ளே கிடக்கும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அதுதான் ஈரம் ஏறாமல் காப்பது. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் முடிந்து வைப்பதும் வேண்டாம். வயல்காட்டு வியர்வையில் நமத்துப்போகும்.

தனியார் டாக்டர்

தனியாரிடம் போனால் வரிசை இல்லை, சாயங்காலம் வேலை முடிந்து போகலாம், பதிவேட்டில் பெயர் ஏறுமோ என்ற பயம் இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில் அனுபவமுள்ள டாக்டர் கிடைத்துவிட்டால் முதல் நாளே மருந்து கையில். வசதியும் நிலையான வருமானமும் உள்ளவருக்கு இது சரியான வழிதான். நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இங்கே மூன்று விஷயம் இடிக்கிறது. எச்.ஐ.வி. மருந்தைத் தொடர்ந்து கையாளும் டாக்டர்கள் சின்ன ஊர்களில் குறைவு. மருந்து எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: இது ஒரு கோர்ஸ் முடிந்து நிறுத்துகிற மருந்து இல்லை, வாழ்நாள் முழுக்க. மாத்திரைக்கும் கவுண்டுக்கும் வைரல் லோடுக்கும் தனித்தனியாகக் காசு. நெல் விற்ற மாதம் வாங்க முடியும். மழையில் பயிர் மூழ்கிய மாதம்? அந்த மாதம் 'இரண்டு நாளைக்கு ஒன்று' என்று தாங்களாகவே குறைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரைகுறையாக மருந்து போனால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாமல் போகலாம். அதே மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையை அரசு மையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

தனியாரை நான் ஒரு விதத்தில் பயன்படுத்தச் சொல்வேன். தொடர் விடுமுறை வருகிறது, அல்லது அரசு மையத்தில் கால் வைக்க மனசு இன்னும் வரவில்லை என்றால், அனுபவமுள்ள தனியார் டாக்டரிடம் முதல் மாதத்தைத் தொடங்குங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, என்னென்ன பரிசோதனை செய்தது எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாதம் முடிவதற்குள் அந்தக் காகிதங்களோடு அரசு மையத்தில் போய்ப் பதிந்துவிடலாம்.

நாட்டு மருந்து

எச்.ஐ.வி.யை அடியோடு குணப்படுத்துவதாக யார் விளம்பரம் செய்தாலும் நம்ப வேண்டாம். கூட்டு மருந்து கைக்கு எட்டாத 1990களில் தாம்பரத்திலேயே சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு வழியில்லாதவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அக்கறை அது. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர் பசிக்கோ இருமலுக்கோ எதையாவது சேர்த்துக்கொள்ள விரும்பினால் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். முக்கியமாகப் பாதரசம் சேர்ந்த மருந்துகளில் கவனம் தேவை. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, டெனோஃபோவிரும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கூட்டு மருந்துக்குப் பதிலாக என்றால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் என்ன நடக்கும், பிறகு எப்படி மாற்றுவது

நம்பிக்கை மையத்தில் கொடுத்த ரிசல்ட்டும் அனுப்பும் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் முகவரிச் சான்று ஏதாவது ஒன்றும் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் தள்ளிப் போடாமல் போய்ப் பேசுங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இந்த நாலும் உண்டா என்று கேட்பார்கள். காசநோயைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்வி, மறைக்காமல் சொல்லுங்கள். கவுண்ட், சிறுநீரகம், கல்லீரல், ஹெபடைடிஸ் என்று ரத்தம் எடுப்பார்கள். கவுண்ட் ரிசல்ட் வந்தால்தான் மருந்து என்பது இல்லை. கூடுதலாகத் தடுப்பு மாத்திரை வேண்டுமா, வேறு நோய்களைத் தேட வேண்டுமா என்று முடிவு செய்ய அது உதவும். கையில் ஒரு பச்சைப் புத்தகம் கொடுப்பார்கள், அதில் உங்கள் பதிவு எண் இருக்கும்.

முடிந்தால் ஒருவரிடமாவது சொல்லிக் கூட்டிப்போங்கள். யாரிடம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். புருஷனோ பெண்டாட்டியோதான் என்று இல்லை, அக்காவாக இருக்கலாம், பழைய சிநேகிதராக இருக்கலாம். யாரும் இல்லை என்றால் தனியாகவே போங்கள். பல மையங்களில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களே துணைக்கு இருப்பார்கள், ஆலோசகரிடம் கேட்டால் அறிமுகம் செய்துவைப்பார்.

தொடங்கி முதல் சில வாரத்தில் திடீரென்று காய்ச்சலோ கழுத்தில் கட்டியோ வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது உள்ளே மறைந்திருந்த நோய் வெளியே தெரிவதாக இருக்கலாம். உடனே மையத்துக்குப் போங்கள். தோலில் கொப்புளம், கண் மஞ்சள், மூச்சுத் திணறல் என்றால் அன்றைக்கே, எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே.

திருப்பூருக்கு வேலைக்குப் போகிறீர்கள், சென்னையில் ஓட்டல் வேலை கிடைத்துவிட்டது, கல்யாணமாகி வேறு ஊர் போகிறீர்கள், அல்லது தொடங்கிய மையம் மனசுக்கு ஒத்துவரவில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் மையத்தில் 'டிரான்ஸ்ஃபர்' வேண்டும் என்று கேளுங்கள். எந்த ஊர் மையம் என்று சொன்னால் சீட்டு எழுதி, கையில் மருந்தும் கொடுத்து அனுப்புவார்கள். சொல்லாமல் போய்ப் புது ஊரில் புது ஆள் மாதிரிப் பதிவதைத் தவிருங்கள். பழைய விவரம் இல்லாமல் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும், நடுவில் மருந்து விட்டுப்போன நாட்களும் கணக்கில் வராது. டிரான்ஸ்ஃபர் சீட்டையும் பச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தொலைந்தாலும், வெள்ளத்தில் நனைந்தாலும் பதிவு எண்ணைச் சொல்லி மருந்தைத் தொடரலாம்.